மணி கட்டிய டாங்கி

நார்வே ராணுவத்திடம் அந்தக் காலத்தில் ஒரு டாங்கி இருந்தது. அச்சுப்பிழை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதனால் இன்னொரு தரம் சொல்கிறேன்: ஒன்று. மற்ற தேசங்கள் ஆயிரக்கணக்கில் செய்து குவித்துக்கொண்டிருந்த 1939ஆம் வருஷத்தில் இவர்கள் பக்கத்து வீடான ஸ்வீடனிடமிருந்து ஒரே ஒரு டாங்கியை வாங்கி, அதைப் பனியில் நிறுத்தி, துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். நம் பையன்கள் சாவதற்குள் ஒரு டாங்கியையாவது கண்ணால் பார்த்துவிடட்டும் என்று மேலிடத்தில் யாரோ சொன்னதாகப் பேச்சு. சொன்ன ஆள் கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா என்று யாருக்கும் தெரியாது. ராணுவத்தில் சொன்னால் சொன்னதுதான். ஆகவே பார்க்க வைத்தார்கள்.

ரெய்ன்மூ முகாமில் தினமும் இந்தத் தரிசனம் நடக்கும். பக்கத்து முகாம்களிலிருந்து சிப்பாய்கள் பனிச்சறுக்குக் கட்டைகளைத் தோளில் சுமந்துகொண்டு வரிசையில் வந்து நிற்பார்கள். கேப்டன் ஹோல்ட்டர் குதிரைச் சவுக்கால் டாங்கியைச் சுட்டிக் காட்டுவார்.

"முன்னால வா. இதான் டாங்கி. பாத்துட்டியா?"

"பாத்துட்டேன் சார்."

"எதிரிகிட்ட இதப் பாத்தா பயப்படக் கூடாது. தள்ளிப் போ. அடுத்தவன்!"

ஒரு குறும்புக்காரப் பயல் கேட்டான்: "எதிரிகிட்ட இது எத்தனை இருக்கும் சார்?"

"அது உனக்கெதுக்குடா? அடுத்தவன்!"

இந்தக் கூத்தையெல்லாம் லாயத்து வாசலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தவன் எம்ப்ரெட். குதிரைப்படை கார்ப்பரல். காட்டில் மரம் வெட்டிப் பிழைக்கிற வம்சம். வருஷத்தில் சில வாரம் ராணுவ சேவைக்கு வருவான், வரும்போது தன் குதிரை டொக்காவோடு வருவான். தன் குதிரை என்று அவன்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். கணக்குப்படி அவள் ராணுவத்துக் குதிரை. தின்பது அவன் வீட்டு வைக்கோல், இழுப்பது அவன் வெட்டிய மரம், தூங்குவது அவன் கொட்டகை, சொந்தம் மட்டும் அரசாங்கத்துக்கு. அங்கே குதிரைப்படை நடந்த விதமே அதுதான்.

டொக்கா என்றால் அவர்கள் பாஷையில் பொம்மை என்று அர்த்தம். பெயர் வைத்தவன் அவளைக் குட்டியாகப் பார்த்திருப்பான். இப்போது அவள் பீப்பாய் மாதிரி வயிறும், கண்ணை மறைக்கிற நெற்றி மயிரும், தனக்கென்று அபிப்பிராயங்களும் உள்ள நடுத்தர வயதுக்காரி. எம்ப்ரெட்டுக்குப் பெண்டாட்டி இல்லை. ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்று கேட்டால், "டொக்காவுக்கு ஒத்துப்போற மாதிரி ஒருத்தியும் அமையல" என்பான். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவன் சிரிக்க மாட்டான்.

இப்போது அந்த டொக்காவுக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. சனிக்கிழமை ஜெனரல் ப்ரோக்மான் டாங்கியைப் பார்க்க வருகிறார். அவருக்கு அது பிடித்துப்போனால் ரெய்ன்மூ படைக்கு மோட்டார் வண்டிகள் வரும், குதிரைகளை விற்றுவிடுவார்கள். வயசான குதிரைகள் முதலில் போகும். முகாமில் எல்லோருக்கும் இது தெரியும். டவுனில் குதிரைக்கறி சாஸேஜ் கடை வைத்திருக்கிற தாங்கென் என்பவருக்கும் தெரிந்துவிட்டது. அந்த மனுஷன் போன வாரமே லாயத்துக்கு வந்து, டொக்காவின் தொடையைக் கிள்ளிப் பார்த்து, "நல்லா கொழுப்பு ஏறியிருக்கு. மிளகு கொஞ்சம் கூடப் போடணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எம்ப்ரெட் அன்று சாப்பிடவில்லை. பட்டாணி சூப் வைத்த நாள், அதுவும் பன்றிக்கறி போட்ட சூப். அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான்.

டாங்கியின் ஓட்டுநர் சார்ஜென்ட் யோஸ்டைன். ஆஸ்லோ பையன். தலையில் எண்ணெய் தடவி வழித்து வாரியிருப்பான், கையுறைகூடத் தோலில்தான் போடுவான். குதிரை என்றாலே மூக்கைப் பொத்திக்கொள்வான்.

புதன்கிழமை காலை அவன் டாங்கியில் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டிக் கேட்டான்: "டேய் எம்ப்ரெட்! ஜெனரல் முன்னாடி ஓட்டறதுக்கு முன்ன இத ஒரு சுத்து ஓட்டிப் பாக்கணும். அந்தா ஏரிமேல போகுதே, அது ரோடா?"

எம்ப்ரெட் திரும்பிப் பார்த்தான். உறைந்த ஏரியின்மேல் இரண்டு வரிசையாக ஸ்ப்ரூஸ் மரக் கிளைகள் நட்டிருந்தன. குளிர்காலம் வந்தால் அந்த ஊரில் ஏரிதான் ரோடு. ஊராட்சி ஆள் பனிக்கட்டியில் துளை போட்டுப் பார்த்து, இரண்டு பக்கமும் கிளை நட்டுவிட்டுப் போவான். கிளைகளுக்கு நடுவே இருந்தால் ரோடு, கிளைகளுக்கு வெளியே போனால் உன் தலையெழுத்து. தபால் வண்டி, பாதிரியார், பிணப்பெட்டி எல்லாம் அந்த வழியாகத்தான் போகும்.

"ரோடுதான்" என்றான் எம்ப்ரெட்.

"நிச்சயமா?"

"கிளை நட்டிருக்குல்ல? அப்ப ரோடுதான். நேத்துகூட நான் அதுலதான் முகாமுக்கு மரம் ஏத்திட்டு வந்தேன்."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. பனிக்கட்டியைச் சோதித்தவன் ஒரு குதிரையையும் ஒரு வைக்கோல் வண்டியையும் மனசில் வைத்துச் சோதித்திருந்தான். யோஸ்டைன் ஏறியிருந்ததோ யானைக்குச் சித்தப்பன். எடையைப் பற்றி அவனும் கேட்கவில்லை, இவனுக்கும் தோன்றவில்லை. கிளை நட்ட ரோட்டைச் சந்தேகப்படுகிற பழக்கம் அந்த நாட்டில் யாருக்குமே கிடையாது.

கரையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் டாங்கி கம்பீரமாகத்தான் போனது. அப்புறம் நாற்காலி முறிகிற மாதிரி ஒரு சத்தம். டாங்கி அவசரமே இல்லாமல், வெந்நீர்த் தொட்டியில் இறங்குகிற பெரிய மனுஷன் மாதிரி, மெதுவாக உள்ளே போனது. நல்ல காலம், அந்த இடத்தில் ஆழம் இல்லை. யோஸ்டைன் மூடியைத் திறந்துகொண்டு இடுப்புவரை நனைந்து வெளியே வந்தான். டாங்கியின் தலை மட்டும் பனிக்கட்டிக்கு மேலே தெரிந்தது. சாயங்காலத்துக்குள் அதைச் சுற்றித் தண்ணீர் மறுபடி உறைந்துவிட்டது. இனி மே மாதம் வரை அதை அசைக்க முடியாது.

கேப்டன் ஹோல்ட்டர் கரையில் போய் நின்று பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு நேரே லாயத்துக்கு வந்து வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"எம்ப்ரெட், நம்ம நாட்டோட டாங்கிப் படை தண்ணிக்குள்ள கெடக்குது."

"மொத்தப் படையுமா சார்?"

"மொத்தப் படையும்."

எம்ப்ரெட் முகத்தைக் குதிரையின் பக்கம் திருப்பிக்கொண்டான். சந்தோஷம் அவன் முகத்தில் அப்படி வழிந்தது, கேப்டன் பார்த்திருந்தால் அறைந்தே விட்டிருப்பார். டாங்கி இல்லையென்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லையென்றால் சாஸேஜ் இல்லை. அன்று டொக்காவுக்கு ஓட்ஸ் தாராளமாக விழுந்தது.

ஆனால் படைவீரர்களில் ஓலவுஸ் என்று ஒரு தச்சன் இருந்தான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது. கேப்டனின் கவலையைக் கேட்டவன், மூக்கைச் சொறிந்துகொண்டு, "ஜெனரலுக்கு டாங்கியத்தானே சார் காட்டணும்? ஓடற டாங்கிதான் வேணும்னு யாராச்சும் சொன்னாங்களா? பலகையிலே ஒண்ணு அடிச்சிடலாம். பச்சைப் பெயிண்ட் கெடக்குது" என்றான்.

கேப்டன் அவனை ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்தார். பிறகு கட்டிப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் மத்தியானத்துக்குள் பலகை டாங்கி எழும்பிவிட்டது. ஓலவுஸ் கெட்டிக்காரன், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கித்தான் துணியில் சங்கிலிப் பட்டையை வரைந்து பக்கத்தில் ஒட்டினான். மேலே பழைய பால் கேனைக் கவிழ்த்துப் பீரங்கி மேடை ஆக்கினான். நிஜமான இயந்திரத் துப்பாக்கி ஒன்றை அதில் சொருகினான். எல்லாவற்றையும் ஒரு வைக்கோல் சறுக்குவண்டியின்மேல் ஏற்றினான். கொஞ்சம் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் அசல் டாங்கி. இரண்டு கண்ணாலும் பார்த்தால் கொஞ்சம் கோழிக்கூண்டு.

சிக்கல் அதை நகர்த்துவதில் வந்தது. முதலில் ஆட்களை உள்ளே விட்டுத் தள்ளச் சொன்னார்கள். டாங்கி குடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறவன் மாதிரி இடமும் வலமும் இழுத்துக்கொண்டு போய்ச் சமையலறைச் சுவரில் முட்டியது. குதிரையை உள்ளே கட்டலாம் என்று ஒன்றைப் பூட்டிப் பார்த்தார்கள். இருட்டுப் பெட்டிக்குள் அது மிரண்டு, ஓலவுஸ் பாடுபட்டு அடித்த முன்பலகையை உதைத்துத் தள்ளியது. அடுத்த குதிரை பின்பலகையைத் தள்ளியது.

கேப்டன் எம்ப்ரெட்டைப் பார்த்தார். ஓலவுஸும் பார்த்தான். யோஸ்டைன்கூடப் பார்த்தான்.

"முடியாது" என்றான் எம்ப்ரெட்.

"நான் இன்னும் வாயே தெறக்கலையேப்பா."

"தெறக்காதீங்க சார். டொக்கா வர மாட்டா. அவ இருட்டுல அசராம நடப்பா, அது எனக்கும் தெரியும். அவ போய் நல்லா நடிச்சுக் காட்டினா என்னாகும்? ஜெனரல் 'ஆஹா, டாங்கின்னா இதுதாண்டா'ம்பாரு. குதிரைங்கள எல்லாம் வித்துடுன்னுவாரு. மொதல்ல யாரு போவா? டாங்கியா நடிச்சவளே போவா! அவ குழிய அவளே வெட்டிக்கணுமா சார்? ஏன் சார், உங்களுக்கே இது நியாயமா படுதா?"

"நியாயமா படல" என்றார் கேப்டன். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். "ஆனா ஒண்ணு கேளு. டாங்கி போன விஷயம் வெளிய வந்தா என்னை உள்ள போடுவாங்க. அது ரோடுதான்னு சொன்ன ஆளையும் உள்ள போடுவாங்க. நீ ஜெயிலுக்குப் போனா டொக்காவுக்கு யாரு தீனி வெப்பா?"

எம்ப்ரெட் லாயத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"ஜெனரல்கிட்ட நான் பேசறேன். இவ ஒருத்திய மட்டும் விட்டுடுங்கன்னு கால்ல விழுந்தாவது கேக்கறேன்."

அது நடக்கிற காரியமா என்று எம்ப்ரெட்டுக்குத் தெரியவில்லை. கேப்டனுக்கும் தெரியவில்லை. எந்தப் பக்கம் போனாலும் நஷ்டம்தான். கடைசியில் எம்ப்ரெட் கடிவாளத்தைக் கையில் எடுத்துக்கொண்டு டொக்காவின் காதில் சொன்னான்: "மன்னிச்சுடு தாயி. எனக்கு வேற வழி தெரியல."

டொக்கா பெட்டிக்குள் போனாள். சுற்றும் முற்றும் மோந்து பார்த்தாள். அசையவே இல்லை.

"என்ன ஆச்சு?" என்றார் கேப்டன்.

"மணி சார். கழுத்துல மணி இல்லாம பனியில அவ ஒரு அடி வெக்க மாட்டா. குட்டியிலேர்ந்து பழக்கம்."

"டாங்கிக்கு மணியா? பைத்தியமா உனக்கு?"

"அத அவகிட்ட கேளுங்க."

கேப்டன் பெட்டிக்குள் தலையை விட்டு டொக்காவைக் கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார், ரொட்டித் துண்டை நீட்டிப் பார்த்தார். அவள் ரொட்டியைத் தின்றுவிட்டு நின்ற இடத்திலேயே நின்றாள். கடைசியில் மணிச் சரத்தைக் கொண்டுவந்து கழுத்தில் கட்டினார்கள். ஜல் ஜல் என்று நாட்டின் டாங்கிப் படை மறுபடி இயங்கத் தொடங்கியது.

எஞ்சின் சத்தத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது, சமையலறையில் இருந்த பெரிய காப்பி அரைக்கிற இயந்திரம் ஓலவுஸின் கண்ணில் பட்டது. பிடியைச் சுற்றினால் கடகடவென்று நல்ல சத்தம். உள்ளே உட்கார்ந்து அதைச் சுற்றும் பொறுப்பு, மோட்டார் விவகாரம் என்பதால், யோஸ்டைனுக்கு வந்தது.

"நான் ஆஸ்லோவுல ரெண்டு வருஷம் மோட்டார் படிச்சவன்" என்றான் யோஸ்டைன் நொந்துபோய்.

"அதனாலதாண்டா உனக்குக் குடுத்தோம்" என்றான் ஓலவுஸ்.

சனிக்கிழமை வந்தது. வெயிலும் வந்தது. ஜெனரல் ப்ரோக்மான் மீசையை முறுக்கிக்கொண்டு காரிலிருந்து இறங்கினார். கூடவே ஒரு விருந்தாளி இறங்கியதைப் பார்த்ததும் கேப்டன் சாத்தியிருந்த கொட்டகைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். வந்தவர் மேஜர் ஓக்கர்லுண்ட். ஸ்வீடன்காரர். டாங்கியை விற்ற நாட்டுக்காரர்.

நார்வேக்காரன் யாரிடம் வேண்டுமானாலும் தோற்றுப் போவான், ஸ்வீடன்காரனிடம் மட்டும் தோற்க மாட்டான். அண்ணன் தம்பி மாதிரி பழகிக்கொண்டே ஒருத்தன் விழுந்தால் இன்னொருத்தன் ஒரு வாரம் சிரிப்பான். இந்த ஸ்வீடன்காரரும் வந்ததிலிருந்து புன்னகைத்துக்கொண்டே இருந்தார். அந்தப் புன்னகை ஜெனரலுக்கு வழி முழுக்க எரிச்சலைக் கிளப்பியிருந்தது.

"நாங்க குடுத்த வண்டி நல்லா ஓடுதா ஜெனரல்? ஓட்டறதுக்கு ஆள் கெடைக்கலேன்னா சொல்லுங்க, அனுப்பறோம்" என்றார் மேஜர்.

"நீங்க குடுத்தப்ப சுமாராத்தான் இருந்தது" என்றார் ஜெனரல். "நாங்க கையில எடுத்து நல்லா ஆக்கிட்டோம். பாருங்க!"

கொட்டகைக் கதவு திறந்தது. ஜல் ஜல், கடகட, ஜல் ஜல், கடகட. பச்சை டாங்கி பனியில் மிதந்து வந்தது. பின்னால் கட்டிவிட்டிருந்த மரத்துண்டு குளம்புத் தடத்தையெல்லாம் அழித்துக்கொண்டே வந்தது. பெட்டிக்குள் எம்ப்ரெட் ஒரு ஓட்டை வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு, "நேரே போ கண்ணு, நேரே" என்று முணுமுணுத்தான். பக்கத்தில் யோஸ்டைன் வியர்வை சொட்டச் சொட்டக் காப்பி அரைத்தான்.

மேஜரின் புன்னகை கொஞ்சம் குறைந்தது. "இவ்வளவு சன்னமா ஓடுது! எங்க வண்டி பேய்ச் சத்தம் போடுமே?"

"போட்டுச்சு" என்றார் ஜெனரல். "நிறுத்திட்டோம்."

"மணி கேக்குதே?"

ஜெனரல் கேப்டனைப் பார்த்தார். கேப்டன் விறைப்பாக நின்றார். "குளிர்காலத்துல பனிப்பாதையில சத்தமில்லாம வர வண்டிக்கு மணி கட்டணும்ங்க. ஊர் சட்டம்."

"சட்டம்னா சட்டம்" என்றார் ஜெனரல் பெருமையாக. "எங்க ராணுவமும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டதுதான் மேஜர். உங்க ஊர்ல எப்படியோ."

"காப்பி வாசனை வேற வருது."

"சமையலறை பக்கத்துலதான் சார்" என்றார் கேப்டன்.

டாங்கி அவர்கள் முன்னால் அழகாக ஒரு வட்டம் அடித்தது. டொக்கா வாழ்நாளில் அப்படி நடந்ததில்லை. தலை நிமிர்ந்து, மணி தாளம் தப்பாமல், அவளுக்கே பெருமை வந்துவிட்ட மாதிரி நடந்தாள். ஓட்டை வழியாகப் பார்த்த எம்ப்ரெட்டுக்கு நெஞ்சு விம்மியது, அதே நிமிஷம் பயமும் பிடித்தது. ஜெனரலின் முகத்தில் தெரிந்த பூரிப்பை அவனால் பார்க்க முடிந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்குப் புரிந்தது.

"பிரமாதம்!" என்று ஜெனரல் கத்துவது பெட்டிக்குள் கேட்டது. "ஹோல்ட்டர், இதுமாதிரி இன்னும் வாங்கணும்! உன் லாயத்துல இருக்கற குதிரைங்கள எல்லாம் திங்கக்கிழமையே வித்துடு!"

"ஐயா, அதுல ஒரு குதிரை மட்டும்..." என்று கேப்டன் ஆரம்பித்தார்.

"ஒண்ணுகூட வேணாம்!"

எம்ப்ரெட் டொக்காவின் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "போச்சுடி" என்றான். "ஏண்டி இவ்வளவு நல்லா நடந்த? ஒரு தடவையாவது உன் புத்தியக் காட்டியிருக்கக் கூடாதா?"

டொக்கா அதற்குப் பதில் சொன்னாள். வாலைத் தூக்கினாள். சூடான பெரிய உருண்டைகள் பெட்டியின் அடியில் இருந்த இடைவெளி வழியாகப் பனியில் விழுந்தன. டாங்கி நகர்ந்ததும் அவை வெயிலில் ஆவி பறக்கத் தெரிந்தன.

மேஜர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். கையிலிருந்த தடியால் ஒரு உருண்டையை மெல்லத் தொட்டார்.

"இது?"

"எரிபொருள் கழிவு" என்றார் கேப்டன். அவர் குரல் எங்கிருந்தோ வந்தது. "உள்ளூர் எரிபொருள் சார். வெளிநாட்லேர்ந்து எண்ணெய் வாங்கற செலவு மிச்சம்."

இதிலும் ஒரு வார்த்தை பொய் கிடையாது. ஜெனரலுக்கு இது புது விஷயம். ஆனாலும் ஸ்வீடன்காரர் முன்னால் தெரியாது என்று காட்டிக்கொள்வாரா? "ரொம்ப சிக்கனம்" என்று தலையை ஆட்டினார். "சரி, இப்ப சுடச் சொல்லு."

பெட்டிக்குள் எம்ப்ரெட் யோஸ்டைனின் கையைப் பிடித்தான். "டேய், வேணாம்டா! சுட்டா அவ படுத்துடுவா!"

"என்னது?"

"குதிரைப்படைக் குதிரைடா! வேட்டுச் சத்தம் கேட்டா தரையில படுக்கணும்னு பழக்கி வெச்சிருக்கோம்! அவ முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டுத்தான் நாங்க சுடுவோம்!"

"ஜெனரல் ஆர்டர் போட்டிருக்காருடா!" என்ற யோஸ்டைன், காப்பி இயந்திரத்தை விட்டுவிட்டு வெற்றுத் தோட்டாக்களை விட்டு விளாசினான்.

டொக்கா எந்த ஆர்டரையும் மறக்கிறவள் இல்லை. முதல் வேட்டு கேட்டதுமே முன்னங்காலை மடக்கிச் சாவகாசமாகப் படுத்தாள். அவளோடு சேர்ந்து டாங்கியின் மூக்கும் பனியில் இறங்கியது. பால் கேன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. துப்பாக்கி தரையைப் பார்த்தது. ஒரு சுற்று மணிச் சத்தம், பிறகு நிசப்தம். நார்வேயின் டாங்கிப் படை ஸ்வீடன் மேஜருக்கு முன்னால் மண்டியிட்டுக் கிடந்தது.

மேஜரின் புன்னகை முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. "மரியாதை தெரிஞ்ச வண்டி" என்றார்.

ஜெனரலின் முகம் பீட்ரூட்டாகிவிட்டது. "நகராதீங்க, நானே பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பனியில் தொப் தொப்பென்று நடந்து வந்து, பின்பக்கக் கதவைத் திறந்து உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். இருட்டு பழக அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்புறம் பார்த்தார். முதலில் பின்பாகம். அப்புறம் வால். அப்புறம் காப்பி இயந்திரமும் மடி நிறையக் காப்பித் தூளுமாக உட்கார்ந்திருந்த சார்ஜென்ட். டொக்கா தலையைத் திருப்பி, நெற்றி மயிருக்கு அடியிலிருந்து ஜெனரலை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என் டாங்கி எங்கே?" ஜெனரலின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"ஏரியில சார்" என்றான் யோஸ்டைன், அதே கிசுகிசுப்பில்.

எம்ப்ரெட் முழங்காலில் விழுந்தான். "ஜெனரல் ஐயா, ஜெயில்ல போடுங்க, நான் வரேன். ஏரி ரோடுன்னு சொன்னவன் நான்தான். கேப்டன ஒண்ணும் செய்யாதீங்க. இவள மட்டும் அந்தச் சாஸேஜ்காரனுக்குக் குடுத்துடாதீங்க. சொன்ன சொல்ல ஒருநாளும் மீறினவ இல்ல. இப்பகூட நீங்க சுடச் சொன்னீங்கன்னுதான் படுத்தா. எனக்கு இவள விட்டா யாரும் இல்லைங்க." சொல்லும்போதே அழுதுவிட்டான். மூக்கில் வடிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

ஜெனரல் அவனைப் பார்க்கவில்லை. ஓலவுஸ் போட்ட ஓட்டை வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மேஜர் ஓக்கர்லுண்ட் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்து வந்த கண்ணீர்.

"நான் இப்ப வெளிய போய் உண்மையச் சொன்னேன்னு வெச்சுக்க" என்றார் ஜெனரல் மெதுவாக. "அந்த ஆளு இன்னிக்கு ராத்திரி ரயிலேறி ஸ்டாக்ஹோம் போவான். நாளைக்குக் காலையில ஸ்வீடன்ல இருக்கற ஒவ்வொரு பயலும் காப்பிக் கோப்பைய வெச்சுக்கிட்டு இதச் சொல்லிச் சிரிப்பான். நான் செத்த பின்னாடியும் சிரிப்பான். என் பேரனுக்குப் பேரன் ஸ்வீடனுக்குப் போனாலும் இதத்தான் கேப்பான்."

குதிரையின் பக்கம் திரும்பினார்.

"இவ பேரென்ன?"

"டொக்கா, ஐயா."

"எழுந்திருக்கச் சொல்லு."

எம்ப்ரெட் நாக்கைச் சொடுக்கினான். டொக்கா எழுந்தாள். டாங்கி மூக்கை நிமிர்த்தியது, பால் கேன் நேரானது, மணி ஒருமுறை குலுங்கியது. வெளியே கேப்டன் தன்னை அறியாமல் கை தட்டிவிட்டார்.

ஜெனரல் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். மீசையில் காப்பித் தூள் ஒட்டியிருந்தது. மார்பை நிமிர்த்திக்கொண்டு நடந்து போய் மேஜருக்கு முன்னால் நின்றார்.

"சுட்ட பிறகு தானாப் பதுங்கற வசதி" என்றார். "எதிரி குறி வெக்க முடியாது. உங்க வண்டியில இது கெடையாது."

"நான் உள்ள பாக்கலாமா?"

"முடியாது. ராணுவ ரகசியம்." அப்படியே கேப்டனின் பக்கம் திரும்பினார். "ஹோல்ட்டர்! இந்த டாங்கிய விக்கறது, குடுக்கறது, வெளியாளுங்க தொட்டுப் பாக்கறது, கிள்ளிப் பாக்கறது எல்லாம் இன்னியிலேர்ந்து தேசத்துரோகம். எரிபொருள் நல்லதாப் போடு. அத ஓட்டறவன் அந்தக் கார்ப்பரல் மட்டும்தான், வேற யாரும் கை வெக்கக் கூடாது."

"சரிங்க ஐயா!" கேப்டன் கத்திய கத்தலில் லாயத்திலிருந்த குதிரைகள் எல்லாம் ஒரே சமயத்தில் கனைத்தன.

மேஜர் லாயத்தின் பக்கம் கை காட்டினார். "அப்போ அங்க நிக்குதே அதெல்லாம்? இப்பத்தானே விக்கச் சொன்னீங்க?"

ஜெனரல் ப்ரோக்மான் கண் இமைக்காமல் சொன்னார்: "அதெப்படி விப்பேன்? அதெல்லாம் உதிரி பாகம்."

மேஜர் ஓக்கர்லுண்ட் ஜெனரலைப் பார்த்தார், ஆவி அடங்கிப்போன உருண்டைகளைப் பார்த்தார், கடைசியில் டாங்கியைப் பார்த்தார். அவர் முகத்தில் கேலி இல்லை. தொப்பியில் கை வைத்து டாங்கிக்கு ஒரு சல்யூட் அடித்தார்.

"எங்ககிட்டயும் இந்த மாதிரி டாங்கி நெறைய இருந்தது ஜெனரல்" என்றார். "வித்துத் தொலைச்சுட்டோம்."

பெட்டிக்குள் எம்ப்ரெட் டொக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தான். அவளுக்கு அழுகை பிடிக்காது. அவன் சட்டைப் பையிலிருந்த பழுப்புப் பாலாடைக்கட்டியை மோந்து பிடித்து, காகிதத்தோடு சேர்த்துத் தின்றாள்.